ஓரத்துத் தொட்டி

டிபன் பாக்ஸைத் திறந்ததும் நண்டு அவன் கட்டைவிரலைக் கவ்வியது.

மரியதாஸ் பல்லைக் கடித்துக்கொண்டு கையை உதறினான். நண்டு தொட்டிக்குள் விழுந்தது.

நரம்பை என்ற ஊரின் கடலோரத்தில், ஓடாமல் நின்றுபோன ஓர் இறால் பண்ணையின் கொட்டகை அது. அவன் மனைவி ரோஸ்லின் அங்கே வரிசையாகத் தொட்டிகள் வைத்துப் பேய்க்கணவாய் வளர்த்துவந்தாள். புத்தகங்களில் ஆக்டோபஸ் என்று போட்டிருக்குமே, அதுதான்.

அதற்கு உயிருள்ள நண்டும் இறாலும் போட்டுக் கட்டுப்படியாகாது. மீன் கழிவையும் மட்டிச் சதையையும் அரைத்து, உறையவைத்து, உருண்டை பிடித்துப் போட்டால் தின்று வளருமா என்பதுதான் ரோஸ்லினின் ஆராய்ச்சி. உருண்டையைத் தவிர வேறெதுவும் தொட்டிக்குள் போகக் கூடாது.

இது மரியதாஸுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் குருவிநத்தத்து வாய்க்காலில் நண்டு பிடித்து, வீட்டு ஆணியில் தொங்கும் கொட்டகையின் இன்னொரு சாவியை எடுத்துக்கொண்டு, அவள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்துபோனான்.

எல்லாத் தொட்டிக்கும் இல்லை. ஓரத்துத் தொட்டிக்கு மட்டும்.

அதில் இருந்த கணவாய்க்கு ஒரு கை பாதியோடு அறுந்திருந்தது. அறுந்த இடத்தில் நூல் மாதிரி புதுக்கை ஒன்று முளைத்துக்கொண்டிருந்தது.

சேதராப்பட்டில் ஒரு கம்பெனியின் பிரஸ் மெஷின் மரியதாஸின் வலது கையிலிருந்து மூன்று விரல்களைக் கொண்டுபோயிருந்தது. அதன் பிறகு அவன் வாசலைத் தாண்டவில்லை. மாதா கோயிலுக்கும் போகவில்லை. பங்குச் சாமியார் வீடு தேடி வந்தபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

காற்று மோட்டார் நின்றுபோச்சு, வந்து பாருங்க என்று ரோஸ்லின் ஒருநாள் பிடிவாதமாக இழுத்து வந்தாள். அப்போதுதான் அவன் இந்தக் கணவாயைப் பார்த்தான்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய், யாரும் கூப்பிடாமலே சோறு போட்டுத் தின்றான். மறுநாள் வாய்க்காலுக்குப் போனான்.

இப்போதும் நண்டு தொட்டியின் அடியைத் தொடுவதற்குள், ஒளிந்துகொள்ளப் போட்டிருந்த பானைக்குள்ளிருந்து கணவாய் பாய்ந்து வந்தது. போர்வை மாதிரி விரிந்து நண்டை மூடிக்கொண்டது. முளைத்த கையும் கூடவே எட்டிப் பிடித்தது.

"அப்டிதான் ராஜா, வுடாத!" என்றான்.

"அது ராணி" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

தோளில் பையோடு ரோஸ்லின் நின்றிருந்தாள். பாண்டிக்குக் கூட்டத்துக்குப் போனவள்.

அவன் டிபன் பாக்ஸை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"இல்ல ரோசு… அதுக்குக் கை மொளைக்கிற நேரம். வெறும் உருண்டையத் தின்னா எப்டி மொளைக்கும்? ஆராய்ச்சி பூரா கெட்டுப்பூடுச்சா?"

அவள் கத்தவில்லை. பையை இறக்கி வைத்தாள்.

"தின்னுட்டு நண்டு ஓட்ட வெளிய தள்ளிடும் அது. ஒரு ஓடாவது இங்க கெடந்து பாத்திருக்கீங்களா? எல்லாம் எங்க போச்சின்னு நெனச்சீங்க?"

அவன் யோசித்தான். எப்போது வந்தாலும் அந்தத் தொட்டி துடைத்துவிட்டது போலத்தான் இருந்திருக்கிறது.

"தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் கேக்கல?"

அவள் வாயெடுப்பதற்குள் வெளியே ஒரு மொபெட் வந்து நின்றது. படகுக்காரன் அன்புராஜ். இந்தத் தொட்டிகளுக்கெல்லாம் கணவாய் கொண்டுவந்து தருகிறவன். வாளியோடு நுழையும்போதே பேச்சும் கூடவே வந்தது.

"அக்கா, நல்லதா ரெண்டு கெடச்சிது. அப்பறம், அண்ணனுக்கோசரம் கை அறுந்ததா ஒண்ணு பாத்துக் குடுன்னு கேட்டு வாங்கினியே, அதே மாதிரி இன்னொண்ணும் வலையில மாட்டிகிச்சு. படகுல கெடக்குது. வேணுமா, கடல்லயே வுட்டுடவா?"

மரியதாஸ் நிற்பதை அப்புறம்தான் பார்த்தான். நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ரோஸ்லின் சட்டென்று குனிந்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த காற்றுக் குழாயைச் சரிசெய்ய ஆரம்பித்தாள்.

மரியதாஸ் தொட்டி வரிசையைப் பார்த்தான். ஒவ்வொன்றிலும் ஆராய்ச்சி எண் போட்ட அட்டை ஒட்டியிருந்தது. ஓரத்துத் தொட்டியில் மட்டும் எதுவும் இல்லை. ஒட்டிக் கிழித்த தடம்கூட இல்லை.

குனிந்திருந்தவளின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கொண்டாந்து குடுப்பா" என்றான் அன்புராஜிடம். "ஆனா தனித் தொட்டி வேணும். ரெண்டையும் ஒண்ணா வுட்டா ஒண்ண ஒண்ணு தின்னுபூடும்."