பழுது யார் பக்கம்?

“பையனோட மரபணுவுல ஒரு பழுது. அதைத் திருத்துற சிகிச்சைக்கு அவனைச் சேர்த்தாச்சு,” என்றாள் கண் டாக்டர். “இந்தக் கண் அழுத்த நோய் அப்பா வழியா, அம்மா வழியான்னு தெரிஞ்சா, அந்தப் பக்கத்துச் சொந்தங்களையும் பார்வை போறதுக்குள்ள காப்பாத்தலாம். நீங்களும் உங்க வீட்டுக்காரம்மாவும் ரத்தம் குடுக்கணும்.”

பையனின் அப்பாவான தையல்காரருக்குச் சுருக்கென்றது.

“எனக்கு எதுக்கும்மா? இந்த வயசுலயும் கண்ணாடி இல்லாம ஊசியில நூல் கோக்கிறேன்.” சுவரில் மாட்டியிருந்த அட்டையின் கடைசி வரியைப் பிசகாமல் படித்தும் காட்டினார்.

பிறகு குரலைத் தாழ்த்தினார். “அவ டீ வாங்கப் போயிருக்கா, அதான் மனசு விட்டுச் சொல்றேன். எல்லாம் அவ பொறந்த வீட்டுப் பெருமை. அவ அண்ணன் கதவுல இடிச்சுக்காம எங்க வீட்டுக்குள்ள வந்ததே கிடையாது. குடும்பமே அரைக்கண்ணு.”

டாக்டர் அவருடைய இடது தோளுக்கு அப்பால் பார்த்தாள். “இவர் எப்பவும் இப்படித்தானா?”

“யாரைக் கேக்குறீங்க?”

“என்னைத்தான்,” என்றாள், பக்கத்து நாற்காலியில் இருந்த அவர் மனைவி.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். “நீ எப்ப வந்த?”

“நீங்க கடைசி வரி படிக்கிறப்பவே.”

டாக்டர் சிரிக்கவில்லை. “இந்த நோய் முதல்ல பக்கப் பார்வையைத்தான் தின்னும், ஐயா. நேர்ப் பார்வையைக் கடைசியிலதான் தொடும்.”

தையல்காரர் ரத்தம் கொடுக்க மெல்லச் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

“முதல்ல டீயைக் குடிங்க,” என்றாள் மனைவி. “உங்க முழங்கைப் பக்கம் வச்சு எவ்வளவு நேரமாச்சு.”

“எங்க?” என்றார் அவர்.