இடது முட்டி

“அந்த இன்னொருத்தி யாருன்னு சொல்லிட்டு அப்புறம் படியேறுங்க!”

கணவன் படியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றான். அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பதினோரு வருடமாகக் கட்டிங் மெஷின் ஓட்டுகிறவன். வாயில்லாப் பூச்சி. ஆபீஸ் மூன்றாவது மாடியில் இருந்தது, லிஃப்ட் வேலை செய்யவில்லை. அவள் அதற்குள் இரண்டு தடவை படியில் உட்கார்ந்துவிட்டாள். உடம்பில்தான் ரத்தம் இல்லையே தவிர, கோபத்துக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

காலையில் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். கர்ப்பப்பையில் கட்டி, இனி ஒரு வாரம்கூடத் தள்ளக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்சூரன்ஸ் கவுன்ட்டரில் இருந்த பெண், கம்பெனி கொடுத்த கார்டை வாங்கி கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தாள்.

“இந்த வருஷ லிமிட் தீந்துபோச்சு. மூணு மாசத்துக்கு முன்னாடி இவர் மனைவிக்கு இடது முட்டி மாத்தியிருக்கு.”

“நான்தாங்க மனைவி! என் முட்டி ரெண்டும் கல்லு மாதிரி இருக்கு!”

“உங்க பேர்லதான் இருக்கு. மேற்கொண்டு கம்பெனியில கேளுங்க.”

தன் பேரைச் சொல்லிக்கொண்டு, தன் புருஷனுக்குப் பெண்டாட்டி என்று ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தவள் எவள்? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இதே கேள்விதான். அவனும் தலையில் அடித்துச் சத்தியம் செய்து ஓய்ந்துவிட்டான்.

மேனேஜர் அவளைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். மேஜை விசிறியை அவள் பக்கம் திருப்பினார். நடந்ததையெல்லாம் ‘ச்சொ ச்சொ’ கொட்டியபடி கேட்டுக்கொண்டார். தங்கமான மனுஷன் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

“அந்த முட்டி ஆபரேஷனுக்குக் குடுத்த காகிதத்தக் காட்டுங்க சார். யாரு கையெழுத்துப் போட்டான்னு பாக்கணும்.”

“பாலிசி கம்பெனி பேர்ல இருக்கும்மா. தொழிலாளிக்குக் காட்டற வழக்கம் இல்ல.”

“நல்ல வழக்கம் சார்! மாசாமாசம் சம்பளத்துல பிடிக்கிறப்ப எங்களுது, பாக்கணும்னா கம்பெனியோடதா? எங்க பேர்ல என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சுக்க எங்களுக்கு உரிமை இல்லையா?”

மேனேஜர் அலமாரியைப் பார்த்தார். சட்டைப் பையைத் தடவினார். “காட்டலாம்தான். ஆனா கண்ணாடிய வீட்லயே வெச்சுட்டு வந்துட்டேன். எந்த ஃபைல்னு தேட ஒரு எழுத்து தெரியல. அடுத்த வாரம் வாங்க.”

“அடுத்த வாரம் நான் இருக்கணுமே! எனக்குக் கண்ணு தெரியும் சார், நான் தேடறேன்.”

மேனேஜர் அவளை விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பினார். குரல் குழைந்தது.

“தம்பி, ஆம்பளைன்னா அப்படி இப்படி இருக்கும். ஆனா வேற ஒருத்திய பொண்டாட்டின்னு காட்டினா மோசடி. வெளிய போனா வேலையும் போயிடும். ‘புத்தி கெட்டுப் பண்ணிட்டேன்’னு ஒரு லெட்டர் எழுதிக் குடு, விஷயத்த இங்கயே முடிச்சுடறேன். தங்கச்சி ஆபரேஷனுக்கு நானே ஆஸ்பத்திரியில பேசறேன்.”

வெள்ளைத்தாள் ஒன்றை நகர்த்தினார். தன் பேனாவையும் திறந்து வைத்தார்.

அவன் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். “நான் யாரையும் கூட்டிட்டுப் போகல சார். ஆனா எழுதினாத்தான் இவளுக்கு ஆபரேஷன் நடக்கும்னா, எழுதறேன்” என்று பேனாவை எடுத்தான்.

காலையிலிருந்து அவள் திட்டித் தீர்த்த மனுஷன், அவளுக்காகத் தன் மானத்தை எழுதிக் கொடுக்க உட்கார்ந்திருக்கிறான். அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது.

“இருங்க! மூணு மாசத்துக்கு முன்னாடி ஆர்டர் நெருக்கடின்னு இவருக்கு டபுள் ஷிஃப்ட் போட்டீங்கள்ல? வீட்டுக்கே தூங்கத்தான் வந்தாரு. முட்டி மாத்தினவளுக்குத் துணையா இவரு எப்ப சார் போனாரு?”

மேனேஜர் மேஜை விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவள் பேனாவைப் பிடுங்கி மேஜையில் போட்டாள். “செய்யாத தப்புக்கு எழுதித் தராதீங்க. நீங்க எழுதித்தான் எனக்கு ஆபரேஷன் நடக்கணும்னா, எனக்கு அந்த ஆபரேஷனே வேண்டாம். ஃபைல எடுங்க சார். எடுக்கலேன்னா கீழ மெஷின் ஓட்டுற அத்தன பேரையும் மேல கூப்பிடுவேன். அவங்க கார்டுல எத்தன முட்டி மாத்தியிருக்குன்னு அவங்களும் பாக்கட்டும்!”

“மரியாதையாப் பேசும்மா!” தங்கமான மனுஷனுக்கு முகம் சிவந்துவிட்டது. “அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல, சொல்லிட்டேன்.”

கதவு தட்டாமலே திறந்தது. வாட்டசாட்டமான ஓர் அம்மாள், கையில் ஒரு கண்ணாடிக் கூட்டோடு சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்.

“என்னங்க, கண்ணாடிய மறந்துட்டு வந்து என்ன பண்றீங்க? அதான் கொண்டுவந்தேன்.”

மேனேஜருக்குப் பேயறைந்தது போலாயிற்று. “நீ ஏன் வந்த? லிஃப்ட் வேற இல்ல, போ, போ, கீழ போ!”

“லிஃப்ட் எதுக்கு? மூணு மாடியும் ஒரே மூச்சுல ஏறிட்டேன். இடது முட்டி மாத்தி மூணே மாசம்தான் ஆகுதுன்னா உங்க வாட்ச்மேன் நம்பவே மாட்டேங்கறாரு!”

அவள் மெல்ல எழுந்தாள். அந்த அம்மாளின் கையிலிருந்த கண்ணாடியை வாங்கி மேஜையில் மேனேஜர் முன்னால் வைத்தாள். பிறகு, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தன் கணவனுக்குப் பக்கத்தில் இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டாள்.

“வாங்கக்கா, இப்படி உக்காருங்க. உங்க வீட்டுக்காரர் எழுதி வெச்ச காகிதத்துப்படி, உங்க வீட்டுக்காரர் இவர்தான்.”