இளகிய சளி

நர்ஸ் அருள்மேரி ஸ்கேன் திரையை நெருங்கிப் பார்த்தாள். காலையில் நோயாளி சங்கையாவின் நுரையீரலுக்குள் செலுத்திய மருந்து நீந்திகள், கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொடி இயந்திரங்கள், சிறகை விரித்து மூடியபடி நின்ற இடத்திலேயே நின்றன. கெட்டிச் சளியில்தான் பிடிப்புக் கிடைத்து அவை முன்னேறும். நீர்த்த சளியில் போன தூரமெல்லாம் அடுத்த அசைவிலேயே திரும்பி வந்துவிடும். இன்னொரு முறை செலுத்தினால் அவர் உடம்பு தாங்காது. மருந்து நுரையீரலின் அடிக்குப் போகாவிட்டால் அடுத்த தீபாவளி அவருக்குக் கிடையாது.

"சளிய இளக்குற எதையும் குடிக்காதீங்கன்னு உங்ககிட்ட சொன்னேனே, அண்ணாச்சி?"

"சொன்னீங்க சிஸ்டர். வீட்டுக்காரி தூதுவளைக் கசாயத்தோட வந்து நின்னா. வேண்டாம்னு வாயில வரல." பஞ்சாலைக்கு நெஞ்சைக் கொடுத்துவிட்டு வந்தவர் சிரித்தார். "மில்லுல தூசிக்குள்ள நில்லுன்னப்பவே வேண்டாம்னு சொல்லத் தெரியாதவன்தான நான்."

அதற்குள் அவர் மனைவி வெள்ளத்தாய் பிளாஸ்குடன் உள்ளே வந்தாள்.

"கல்லு மாதிரி கெட்டியா இருந்த சளி சிஸ்டர். ஒரே டம்ளர்ல எப்படி இளகிருச்சு பாத்தீங்களா? இங்க ஒருத்தருக்கும் இந்த வைத்தியம் தெரியல."

அருள்மேரி உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். சங்கையா அவளைப் பார்த்து, வாழ்க்கையில் முதன்முறையாக, வேண்டாம் என்று தலையசைத்தார். பிறகு டம்ளரை மனைவியிடம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து, வெள்ளத்தாயி."