உப்பு பார்க்கிற உரிமை

ஸ்கைப்பில் அம்மாவின் முகம் தெரிவதற்கு முன்னால் லூக்கின் முகம்தான் தெரிந்தது.

"வணக்கம் ராம்கி! சாப்ட்டியா?"

தமிழ் வேறு! ராம்கிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திண்டிவனத்து ராம்கி ஆறு மாதம் பிரான்சில் லூக்கின் வீட்டில் தங்கிப் படிப்பது. லூக் அதே ஆறு மாதம் திண்டிவனத்தில் ராம்கியின் வீட்டில். இரண்டு கல்லூரிகளும் பேசி வைத்த ஏற்பாடு அது. தெருவே வயிறு எரிந்துதான் ராம்கியை விமானம் ஏற்றி அனுப்பியது. இப்போது வயிறு எரிகிறவன் அவன்.

லூக் கட்டியிருந்தது ராம்கியின் லுங்கி. படுப்பது ராம்கியின் கட்டிலில். தெரு கிரிக்கெட்டில் இறங்குவது ராம்கியின் இடத்தில்.

"விழுப்புரத்துலேர்ந்து உங்க அத்தை வந்தாங்கடா" என்றாள் அம்மா தனம். "இவனுக்குன்னே அதிரசம் சுட்டு எடுத்துக்கினு வந்தாங்க."

"எனக்கு ஒருநாளாவது சுட்டுக் குடுத்திருக்காங்களா?"

"நீதான் அதிரசத்தத் தொடவே மாட்டியேடா."

அது உண்மைதான். அதற்காக?

லேப்டாப் சமையல் மேடையிலேயே இருந்தது. அம்மா பேசிக்கொண்டே அடுப்பில் கொதித்த மீன் குழம்பைக் கரண்டியில் எடுத்து, ஊதி, லூக்கின் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டாள்.

"உப்பு பாரு தம்பி."

லூக் நக்கிப் பார்த்தான். "உப்பு சரி. புளி கம்மி."

லுங்கி போனால் போகிறது, கட்டில் போனால் போகிறது. ஆனால் உப்பு பார்க்கிற கை ராம்கியுடையது. விவரம் தெரிந்த நாளிலிருந்து அவன் 'சரி' என்று சொன்ன பிறகுதான் அந்த வீட்டில் குழம்பே இறங்கும்.

"அவனை எதுக்கும்மா கிச்சன்ல விடற?"

"நான் எங்கடா விடறேன்? குழம்பு வச்சா போதும், பக்கத்துல வந்து நின்னுக்கினு புளி எவ்ளோ, வெந்தயம் எவ்ளோன்னு கேட்டுக்கினே இருக்கான். பேஜாரு புடிச்ச புள்ள!"

திட்டுகிற குரலா அது? அவ்வளவு செல்லம். ராம்கி பதில் சொல்வதற்குள் அங்கே கரண்டு போய், லைன் கட்டானது.

இந்தப் பக்கம் லூக்கின் அம்மா கிளாரா. வந்ததிலிருந்து ரொட்டி, சீஸ், வேகவைத்த காய். சாப்பிட்டாயா என்று கேட்பாள், அதோடு சரி. ஞாயிறு மதியமானால் கதவைச் சாத்திக்கொண்டு மகனோடு பேச உட்கார்ந்துவிடுவாள். உள்ளே ஒரே சிரிப்பு. தன்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று ராம்கி தீர்மானமே செய்துவிட்டான்.

அடுத்த ஞாயிறும் லூக் உள்ளங்கையை நீட்டினான், அம்மா சொட்டு விட்டாள். அவன் அந்தப் பக்கம் நகர்ந்ததும் ராம்கியின் வாயில் பொய் தானாக வந்தது.

"அம்மா, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். லூக்குக்கு மீன் ஆகாதாம். உடம்பெல்லாம் தடிச்சிடுமாம்."

"அய்யய்யோ! இத்தினி நாளா தின்னுக்கினுதானேடா இருக்கான்?"

"ஆசைக்குத் திங்கறான். கேட்டா ஒண்ணும் ஆகாதுன்னுதான் சொல்லுவான், நம்பாத. அவங்க அம்மாவே சொன்னாங்க."

"பெத்தவளே சொல்லிட்டா அப்புறம் என்ன? அடுத்தவங்க புள்ள. இனிமே ஒரு சொட்டு குடுக்க மாட்டேன்."

அன்றைக்கு ராம்கிக்குக் காய்ந்த ரொட்டிகூட ருசித்தது.

சில வாரம் போயிருக்கும். ஒருநாள் மாலை கல்லூரியிலிருந்து வந்து கதவைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான். மிளகாய்த்தூள் வாசனை! அம்மா மெஷினில் கொடுத்து அரைக்கிற அதே குழம்புத்தூள்.

அடுப்பின் முன்னால் கிளாரா நின்றிருந்தாள். காரத்தில் மூக்கு சிவந்து கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"ராம்கி, கையை நீட்டு."

நீட்டினான். கரண்டியை ஊதி, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டாள்.

"உப்பு பாரு." அந்த இரண்டு வார்த்தையும் தமிழில்.

நக்கிப் பார்த்தான். அம்மாவின் குழம்பேதான். உப்பு மட்டும் கரித்தது.

"உப்பு கூடவா?" என்று அவளே ஆங்கிலத்தில் கேட்டுச் சிரித்தாள். "நீ வந்த முதல் வாரம் தட்டையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். எனக்கு மனசே ஆறவில்லை. அந்தப் பையனின் அம்மா என்ன சமைக்கிறார்களோ அதைக் கற்று எனக்குச் சொல்லிக்கொடு என்று லூக்கிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை அவன் ருசி பார்த்து வந்து சொல்வான். நீ கல்லூரிக்குப் போனதும் ஜன்னலையெல்லாம் திறந்துவைத்துக்கொண்டு நான் செய்து பார்ப்பேன். எத்தனை சட்டியைக் கொட்டினேன் தெரியுமா? அதைச் சொன்னால் லூக் விழுந்து விழுந்து சிரிப்பான். சரியாக வரும்வரை உன்னிடம் சொல்லக்கூடாது என்று உங்கள் அம்மாவிடமும் லூக் மூலமாகக் கேட்டுக்கொண்டேன். இந்தத் தூள்கூட அவர்கள் அனுப்பியதுதான்."

ராம்கி உள்ளங்கையைப் பார்த்தபடியே நின்றான்.

"கடைசியில் உப்பில் கோட்டை விட்டேன். என்ன செய்வது, கொஞ்ச நாளாக லூக்குக்கு ருசி பார்க்கவே கொடுப்பதில்லையாம் உங்கள் அம்மா."

கிளாரா கரண்டியை வைத்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"அவனுக்கு மீன் ஆகாது என்று நானே சொன்னேனாம். நான் எப்போது சொன்னேன், ராம்கி?"