வெறும் வயிறு

டிபன் பாக்ஸை அவள் திறக்கவில்லை.

பெஞ்சில் மற்ற எல்லோரும் திறந்துவிட்டார்கள். சர்க்கரை பார்க்க வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வந்தவர்கள். கொடுத்த பிறகு சாப்பிடலாம் என்று ஆளுக்கொரு டப்பா கொண்டுவந்திருந்தார்கள்.

நர்ஸ் ஜெசிந்தா இப்போதுதான் சொல்லிவிட்டுப் போனாள். சர்க்கரை பார்க்கிற ஸ்டிரிப் தீர்ந்துவிட்டது. சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள், திங்கட்கிழமை வாருங்கள்.

போன வாரமும் இதையேதான் சொன்னாள்.

டப்பாவைத் திறக்காதவளின் கால் பெருவிரலில் சுற்றியிருந்த துணி ஈரமாக இருந்தது. நூல் மில்லில் நின்று நின்று வந்த புண். சர்க்கரை எவ்வளவு என்று தெரியாமல் மருந்தைக் கூட்ட முடியாது என்கிறார் டாக்டர். கூட்டாவிட்டால் புண் ஆறாது. ஆறாவிட்டால் விரலை எடுக்க வேண்டும்.

விரல் போனால் மில்லில் யார் நிற்கவிடுவார்கள்?

நட. காய்கறி சாப்பிடு. கவலைப்படாதே. ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுவர் நிறையப் புத்திமதி. அலமாரியில் மட்டும் ஒன்றும் இல்லை.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜெசிந்தா மறுபடி வந்தாள்.

"சாப்பிடுங்கக்கா. மயக்கம் வந்துரப் போகுது."

"ரத்தம் எடு. சாப்பிடுறேன்."

"நான் என்னக்கா பண்ணட்டும்? நாங்களும் கேட்டுக்கிட்டேதான் இருக்கோம். வெளியில பாத்துட்டு வந்துருங்களேன்."

"வெளியில பாக்க வக்கிருந்தா இங்க எதுக்கு வர்றேன்?"

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் பெஞ்சில் எல்லோருக்கும் கேட்டது.

பக்கத்தில் இருந்தவள் டப்பாவை மூடினாள். அதற்கு அடுத்தவரும் மூடினார். பாதி இட்லியைத் தின்றுவிட்ட மலைச்சாமி மட்டும் திருட்டு முழி முழித்தார். பிறகு அவரும் மூடினார்.

யாரும் எழுந்து போகவில்லை.

வெயில் வாசல்படி ஏறியபோது ஏட்டு வந்தார். யாரோ போன் செய்திருக்க வேண்டும். வரிசையாக மடியில் டப்பாக்களோடு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். யாரிடம் பேசுவது என்று புரியாமல் ஜெசிந்தாவைப் பார்த்தார். ஜெசிந்தா புண்காலோடு இருந்தவளைக் கண்ணால் காட்டினாள்.

"உண்ணாவிரதம் இருக்கணும்னா பெர்மிஷன் வாங்கணும்மா. தெரியும்ல?"

"யாரு சார் உண்ணாவிரதம் இருக்கா? வெறும் வயித்துல வரச் சொன்னாங்க. வந்திருக்கோம்."

பெஞ்சில் ஒருவர் சிரித்துவிட்டார். ஏட்டுக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு வெளியே போனார். வேப்பமரத்தடியில் நின்று யார் யாருக்கோ போன் பேசினார். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

பெஞ்சில் அவள் டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பயமாகத்தான் இருந்தது. விரலை நினைத்தபோது அதைவிடப் பயமாக இருந்தது.

ஏட்டு திரும்பி வந்தார். முகத்தில் வேலை முடிந்த நிம்மதி.

"பெரிய டாக்டர்கிட்டயே பேசிட்டேன்மா. திங்கக்கிழமை கண்டிப்பா வந்துருமாம். எந்திரிங்க, எல்லாரும் சாப்பிட்டுக் கிளம்புங்க."

அவள் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு டப்பாவும் திறக்கவில்லை.

"சரிங்க சார். திங்கக்கிழமை வரைக்கும் வெறும் வயித்துலயே இருக்கோம்னு சொல்லிருங்க."

ஏட்டு மடிகளில் மூடியிருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

பிறகு போனை எடுத்தார்.