மூன்று மணிக்கு எழும்பியவள்

வெள்ளைச் சட்டையின் கடைசிப் பொத்தானைத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள் தக்ஷாயினி.

வேலிக்கு அங்கால் பக்கத்து வீட்டு அன்னப்பூரணி எட்டிப் பார்த்தாள்.

“என்னகா, விடியச்சாமம் மூணு மணிக்கே உன்ட மெஷின் கத்துது? பேய்க்கா சட்டை தைக்கிறாய்?”

“பள்ளிக்கூடச் சட்டை மச்சாள். நூறு. மாசக் கடைசிக்குள்ள முடிச்சாத்தான் மெஷின் எனக்கு.”

மாதர் சங்கம் கொடுத்த மெஷின் அது. ஒரு மாதம் வைத்திருக்கலாம். சொன்ன வேலையைச் சொன்ன நாளில் முடித்தால் அவளுக்கே சொந்தம். முடிக்காவிட்டால் பட்டியலில் அடுத்தவள் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவாள். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்குப் பழுகாமம் கிராமத்தில் இன்னொரு மெஷின் ஆர் தரப்போகிறார்கள்?

முதல் கிழமை பகலில் தைத்துப் பார்த்தாள். நாளுக்கு இரண்டு சட்டைதான் முடிந்தது. மகன் நிலோஜனுக்கு ஒன்றரை வயது, பால் மறக்கடித்து ஒரு மாதம்தான். அம்மா கண்ணில் பட்டால் மடியை விட்டு இறங்கமாட்டான்.

அப்போதுதான் ஃபோனில் வந்த ஒரு வீடியோவில் ஒருவர் பேசுவதைக் கேட்டாள். மூன்று மணிக்கு எழும்புகிறவருக்கு ஒரு நாளுக்குள் இன்னொரு நாள் கிடைக்குமாம்.

எழும்பிப் பார்த்தாள். கிடைத்தது. இப்போது நாளுக்கு நாலு சட்டை.

“அந்த நேரத்தில பிள்ளை எழும்புறல்லையா?” என்று கேட்டாள் அன்னப்பூரணி.

“அதுதான் மச்சாள் புதினம். முந்தி மூணரைக்கு எழும்பி ஊரைக் கூட்டுவான். இப்ப ஆறு மணி மட்டும் ஒரு சத்தமும் இல்ல. அந்த நேரத்தின்ட குணம் போல. நானும் அறைப்பக்கம் தலைவெச்சும் பாக்கிறல்ல. என்னைக் கண்டானோ, வேலை முடிஞ்சுது.”

“உன்ட மனிசன்?”

தக்ஷாயினியின் முகம் கறுத்தது.

“கிடக்கிறார்.”

மணி எட்டு. உள்ளே குறட்டை கேட்டது.

முந்தியெல்லாம் யதுர்ஷன் விடியுமுன் வினாயகமூர்த்தியின் தோணியில் ஆற்றுக்குப் போய்விடுவான். இரண்டு கிழமையாகப் போகவில்லை. வினாயகமூர்த்தியும் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார். இப்போது வெயில் ஏறின பிறகு தனியாக வலை வீசப் போகிறான். வருகிற மீன் கறிக்கு மட்டும் காணும்.

“பொஞ்சாதி எழும்ப, புருஷன் படுத்திட்டான்” என்று ஊர் சிரிக்கத் தொடங்கியிருந்தது.

அவன் எழும்பி முகம் கழுவும்போது தக்ஷாயினி கிணற்றடிக்கே போனாள்.

“ஒரு வீட்டில ஒரு ஆள் எழும்பினாக் காணுமா? வெக்கமா இல்லையா உங்களுக்கு?”

அவன் கண் இரண்டும் சிவந்திருந்தன.

“எத்தின சட்டை முடிஞ்சுது?”

“அறுபத்திரண்டு.”

“அப்ப சரி” என்று வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

என்ன சரி? அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, சங்க மண்டபத்தில் நூறு சட்டையும் மேசையில் அடுக்கியிருந்தது. தலைவி இலட்சுமிப்பிள்ளை ஒவ்வொன்றாகப் புரட்டித் தையலைப் பார்த்தார்.

“ஒரு இடத்திலயும் கோணல் இல்ல. மெஷின் தக்ஷாயினிக்குத்தான். இஞ்ச வா மகள், எப்பிடிச் செஞ்சாய் எண்டு எல்லாருக்கும் சொல்லு.”

கூட்டத்தில் அவள் வாய் திறந்ததே இல்லை. சால்வை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு மேசையடிக்கு வந்து நின்றாள்.

“மூணு மணிக்கு எழும்பினன். வேற ஒண்டும் இல்ல. மனசு வெச்சா ஆருக்கும் ஏலும்.” பெண்கள் தலையாட்டியதும் கொஞ்சம் துணிவு வந்தது. “எங்கட வீட்டில ஒரு ஆள் மாதிரி எட்டு மணி மட்டும் கிடந்தா, ஒண்டும் நடக்காது.”

மண்டபம் கொல்லென்று சிரித்தது.

“பாத்தீங்களா?” என்ற இலட்சுமிப்பிள்ளை, சங்கத்துப் புத்தகத்தைத் திறந்து, சத்தமாகச் சொன்னபடியே எழுதினார். “தக்ஷாயினி தனி ஆளாக, அதிகாலையில் எழும்பி…”

பின்வரிசையில் ஆச்சிப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. புருஷனோடு விடியுமுன் ஆற்றில் இறாலுக்குப் போகிறவள் அவள்.

“ஆரைப் புள்ள சொல்றாய்? யதுர்ஷனையா?”

“ஓம் அக்கா.”

“அப்ப மூணரைக்குத் துறையடியில பிள்ளையைத் தோளில போட்டுக்கொண்டு நடக்கிறது ஆரு?”

தக்ஷாயினிக்கு விளங்கவில்லை.

“ஒவ்வொரு நாளும் காணுறன் புள்ள. நுளம்பு கடிச்சிரும் எண்டு பிள்ளையைப் பழைய சாரத்தால மூடிக்கொண்டு, அங்காலயும் இஞ்சாலயும் நடப்பான். விடியுமட்டும். மழையெண்டாக் குடையோட. மறுகா உங்கட பின்கதவால உள்ள போவான். ஒரு நாள் கேட்டன், ஏன்டா தம்பி, வீட்டுக்குள்ள வெச்சு ஆட்டினா என்ன எண்டு.” ஆச்சிப்பிள்ளையின் குரல் இறங்கியது. “ ‘பிள்ளையின்ட சத்தம் கேட்டா அவள் மெஷினை விட்டிட்டு எழும்பிருவாள் அக்கா’ எண்டான்.”

இலட்சுமிப்பிள்ளையின் பேனை நடுவரியில் நின்றது.

தக்ஷாயினி அந்தப் புத்தகத்தின்மேல் கை வைத்தாள்.

“அக்கா, அந்த வரியை வெட்டுங்க. தனி ஆள் எண்டு எழுதாதேங்க. நான் இப்ப சொன்னதும் பிழை. இவ்வளவு நாளும் என்ட மனிசன்தான்—”

“அம்மா!”

வாசலில், யதுர்ஷனின் தோளில் இருந்து பிள்ளை இரண்டு கையையும் நீட்டிக் கூப்பிட்டது.