பின் இருக்கையின் நீளம்

லெலண்ட் குசெரா தன் அறுபத்தெட்டாவது வயதில், முதல் தடவையாக, ஒரு செவர்லே வண்டியின் கதவைத் தொட்டார்.

தொட்ட கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டார். பரம்பரைப் பழக்கம்.

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் மூன்று தலைமுறையாக அவர்களுடையது ஃபோர்டு வண்டி மட்டுமே ஓட்டும் கத்தோலிக்கக் குடும்பம். அக்கா ஐரீன் வேறு சபைக்காரனான லூத்தரன் பையனைக் கட்டிக்கொண்டதை அப்பா இரண்டே வருடத்தில் மன்னித்துவிட்டார். அந்தப் பையன் செவர்லே பிக்கப் ஓட்டுவதைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு வந்தால் மாப்பிள்ளை வண்டியை வெளிக் கேட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, பனியில் நடந்துதான் வர வேண்டும். வான்கோழி ஆறிப்போயிருக்கும்.

பழைய வண்டிகள் விற்கிற அந்த இடத்தில் இரண்டு பிக்கப்புகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

வெள்ளை ஃபோர்டுக்குக் கேபின் குட்டை, பின் தொட்டி நீளம். சிவப்பு செவர்லேக்கு நான்கு கதவு, கேபின் நீளம், தொட்டி குட்டை. விலை ஒன்றுதான்.

சட்டைப்பையில் இருந்த காசோலை ஒரு வண்டிக்குத்தான் காணும். தப்பாக எடுத்துவிட்டால் அவ்வளவுதான். இந்த ஜென்மத்தில் இன்னொன்று கிடையாது.

போன சனிக்கிழமை ஏலத்தில் டிராக்டர், கன்றுகள், கோதுமை அறுக்கும் இயந்திரம் எல்லாம் போனபின், கடைசியாக அவருடைய பழைய ஃபோர்டும் போயிற்று. பண்ணை ஏலம் என்றால் தேவாலயப் பெண்கள் ‘ஆப்பிள் பை’ பலகாரம் சுட்டுக் கொண்டுவந்து விற்பது அங்கே வழக்கம். இந்த மாதம் அவர் மனைவி டார்லீனின் முறை.

தன் வீட்டு ஏலத்துக்குத் தானே சுட்டுக் கொடுத்தாள். நன்றாக விற்றது.

ஃபோர்டை ஏலத்தில் எடுத்த பக்கத்துப் பண்ணைக்காரர்தான், அதே வண்டியில், ஐம்பது மைல் தள்ளி இங்கே கொண்டுவந்து இருவரையும் இறக்கிவிட்டார். வழி முழுக்க வானிலை பற்றியே பேசினார்.

விற்பனையாளன் கைலுக்கு அவர்களைத் தெரியாது. அதற்காகத்தான் ஐம்பது மைல்.

"என்ன சார், பெட்டியோட வந்திருக்கீங்க? அம்மாவுக்கு ஊர் சுத்திக் காட்டக் கிளம்பிட்டீங்களா?"

"அப்படியே வச்சுக்கோ."

லெலண்ட் ஃபோர்டின் பின் இருக்கையில் ஏறி, மல்லாந்து படுத்தார். முழங்கால் கிட்டத்தட்ட மோவாயைத் தொட்டது. ஒருக்களித்துப் பார்த்தார். அதே கதை.

கைல் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். "வண்டி பாக்க வந்தீங்களா, சவப்பெட்டிக்கு அளவு பாக்குறீங்களா? என்ஜினத் தொறந்து காட்டட்டா?"

"ஓடும்ல?"

"ஜம்முனு ஓடும்."

"அது போதும்."

டார்லீன் செவர்லேயைச் சுற்றி வந்தாள். கண்ணாடி ஓரத்து ரப்பரை விரலால் அழுத்திப் பார்த்தாள். "மழை பேஞ்சா ஒழுகாதே?"

"அம்மா, இது என்ன கோழிக்கொட்டாயா!" என்று சிரித்தான் கைல். அவளும் சிரித்து வைத்தாள். பிறகு கைப்பிடியைப் பிடித்து மெல்ல ஏறி, கதவைச் சாத்திக்கொண்டாள். இடுப்பு வலிக்காரி. ஏறவே நேரம் பிடித்தது.

கைல் குரலைத் தாழ்த்தினான். "உண்மையச் சொல்லட்டா சார்? உங்க கையப் பாத்தாலே தெரியுது, நீங்க பண்ணைக்காரர். உங்களுக்கு ஃபோர்டுதான். தொட்டியப் பாருங்க, எட்டடி. எத வேணா ஏத்தலாம்."

லெலண்ட் தொட்டியைப் பார்த்தார். ஏற்றுவதற்கு என்ன இருக்கிறது என்று மனதுக்குள் பட்டியல் போட்டார். ஒரு பெட்டி. ஒரு காபிக் கெட்டில்.

பட்டியல் முடிந்தது.

ஆனாலும் ஃபோர்டு என்று சொல்லிவிடத்தான் நினைத்தார். நிலம் போயிற்று, மாடு போயிற்று, இந்தப் பேராவது மிஞ்சட்டுமே. செவர்லேயில் போய் இறங்கினால் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார். அப்பா இப்போது இல்லாதது ஒரு வசதி. ஆனால் அது போதவில்லை.

கைல் ஃபோர்டின் பானட் மேல் படிவத்தை வைத்துப் பேனாவைத் திறந்தான்.

"எத எடுத்தாலும் மேல் பாதி ஒண்ணுதான். முதல்ல அத நிரப்பிடுவோம். பேரு ஆச்சு. வண்டிப் பத்திரத்தத் தபால்ல அனுப்பணும் சார், அட்ரஸ் சொல்லுங்க."

லெலண்ட் டார்லீனைத் தேடினார்.

செவர்லேயின் பின் ஜன்னலில் அவள் தலை தெரியவில்லை. கிட்டே போனார். காலை முழுசாக நீட்டி, கோட்டைப் போர்த்திக்கொண்டு, அவள் தூங்கிப் போயிருந்தாள். சனிக்கிழமைக்குப் பிறகு அவள் தூங்கி அவர் பார்க்கவில்லை.

கீழே, சரளைக்கல்லில், கதவுக்கு நேராக அவளுடைய செருப்புகள் இருந்தன. நாற்பத்தொரு வருடமாகச் சமையலறைப் பின்வாசலில் கழற்றி வைப்பாளே, அதே மாதிரி, ஜோடி சேர்த்து, உள்பக்கம் பார்க்க.

கைல் பக்கம் திரும்பினார்.

"செவர்லே" என்றார்.

"வண்டி எதுன்னு அப்புறமா குறிச்சுக்கிறேன் சார். நான் கேட்டது வீட்டு அட்ரஸ்."

"அதத்தாம்பா சொல்றேன்."